மருத்துவிச்சியும் தாதியும்: ஒரு தொழிலின் வயது பற்றிச் சில சிந்தனைகள்

இலங்கையின் கிழக்குக் கரையிலே, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள் தொடர்ந்து கிடக்கின்றன. அவற்றினிடையே பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில் முதலிய தமிழூர்கள் விரவியுள்ளன. மொழியால் ஒன்றாயும் சமயத்தால் வேறாயும் வாழும் இம்மக்களின் நிலம் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பின்னர் அம்பாறை மாவட்டமாயிற்று. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 6,50,000. அவருள் நூற்றுக்கு 43 பேரளவில் முஸ்லிம்கள்.

இப்பிரதேசத்தின் வரலாறு பேசுவோர் நெல்லைப் பற்றிப் பேசுவர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தைப் பற்றிப் பேசுவர். மருதமுனையின் நெசவைப் பற்றியும் தேர்தல்களைப் பற்றியும் பேசுவர். இவையெல்லாம் வேண்டப்படுவனவே. ஆயினும் இவ்வூர்களிற் பிறந்த பிள்ளைகளை முதன்முதல் ஏந்திய கை எது, காய்ச்சலிற் கிடந்தோரின் தலைமாட்டில் விழித்திருந்தவர் எவர் என்னும் கேள்விகளை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. உழைப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோருங்கூட வயலிலும் ஆலையிலும் நிகழ்ந்த உழைப்பைக் கண்டனரேயன்றி, வீட்டின் உள்ளறையில் நிகழ்ந்த உழைப்பைக் கண்டாரல்லர்.

அக்கேள்வியை நாம் இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நாற்பது வயதைக் கடந்த ஒருத்தி, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டபின், அல்லது கணவனை இழந்தபின், "நான் தாதித் தொழிலைப் பயிலப்போகிறேன்" என்று சொன்னால் நம் ஊரார் நகைப்பர். அரசாங்கமும் விண்ணப்பப் பத்திரத்தின் வயதுக் கட்டத்தைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடும். நகைப்போரும் திருப்பி அனுப்புவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இதே கரையோரத்திற் பல தலைமுறைகளாக நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சியரையும் பேணியவர் நாற்பது வயதைக் கடந்த பெண்களேயாவர். அன்று தகுதியாயிருந்த வயது இன்று தகுதியின்மை ஆனது எங்ஙனம்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

மருத்துவிச்சி என்று நம் மக்கள் வழங்கும் சொல் கவனிக்கத்தக்கது. அவளை மருத்துவத்தின் ஏவலாளாக அன்றி, மருத்துவம் உடையவளாகவே அச்சொல் குறிக்கின்றது. இளம்பெண் ஒருத்தி மருத்துவிச்சியாதல் வழக்கத்தில் இல்லை. தானே பல பிள்ளைகளைப் பெற்றவளாய், வீட்டுப் பொறுப்புச் சற்றுக் குறைந்தவளாய், இரவில் எவ்வேளை அழைத்தாலும் புறப்படக்கூடியவளாய் இருப்பவளே அத்தொழிலுக்கு உரியவளாகக் கருதப்பட்டாள். விதவைகள் பலர் அதனை மேற்கொண்டனர். பெண்ணொருத்தி இளமையிற் செய்த தொழில் வேறு: வயலில் நாற்று நட்டல், நெல் குற்றுதல், பாய் இழைத்தல், தறியிற் துணை நிற்றல். நடுவயதிலே அவள் வேறொரு தொழிலுக்கு மாறினாள். இன்றைய பேச்சில் இதனை "இரண்டாவது தொழில்" என்கின்றனர். பெயர் புதிது, நிகழ்ச்சி பழையது.

கிழக்குக் கரையின் குடும்ப அமைப்பும் இதற்கு இடங்கொடுத்தது. இங்கே, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், மணமான பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. கணவனே அவள் வீட்டுக்கு வருகின்றான். வீடும் வளவும் பெண்மக்களுக்கே சீதனமாகப் போய்ச் சேர்கின்றன. தாய்வழிக் குடிமுறை இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. மகளுக்கு வீட்டை ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவிலோ அருகிலோ சிறு குடிலுக்கு ஒதுங்குவது வழமை. இங்ஙனம் ஒதுங்கிய நடுவயதுத் தாய்க்கு இரு நிலைமைகள் ஒருங்கே வாய்த்தன: ஒன்று, சொந்த அடுக்களையின் பிடியிலிருந்து ஓரளவு விடுதலை, மற்றொன்று, பிள்ளைப்பேறு பெண்ணின் தாய்வீட்டிலேயே நிகழ்வதால் அவ்விடத்தே அவளுக்குரிய அதிகாரம். பேற்றுக்குப் பிந்திய நாற்பது நாட்களும் தாயையும் சேயையும் குளிப்பாட்டி, பத்தியம் பார்த்து, மருந்துச் சரக்கரைத்து ஊட்டிப் பேணியவர்கள் உம்மம்மாமாரும் மருத்துவிச்சியுமே. தாதித் தொழிலின் அடிப்படை வேலைகள் என்று இன்று பாடநூல்கள் வகுத்துக் கூறும் தூய்மை, உணவு, உறக்கம், கண்காணிப்பு என்பனவற்றை அவர்கள் பெயரிட்டு அறியாது செய்துவந்தனர்.

அவளுக்குக் கிடைத்த கூலி யாது? நெல், சீலை, தேங்காய், சிறிது பணம். குறித்த சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. சில குடும்பங்களிலே அது பரம்பரைத் தொழிலாக இறங்கி வந்தபோது அக்குடும்பங்களைச் சமூகம் தாழ்ந்தனவாகவே வைத்தது. தன் பிள்ளையை ஏந்திய கையோடு சம்பந்தஞ் செய்யத் தயங்கிய பெருமக்கள் எங்கும் இருந்தனர். உதிரமும் மலமும் தொட்டுச் செய்யும் வேலை எதுவோ, அது சமுதாயத்துக்கு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவுக்கு அதனைச் செய்வோர் தாழ்த்தப்படுவர் என்பது வர்க்க சமுதாயத்தின் விதிகளுள் ஒன்றாகும்.

*

இவ்வளவும் கூறியதைக் கொண்டு நாம் பழமையைப் பாடுகின்றோம் என எவரும் கருதவேண்டா. மருத்துவிச்சியின் கையிற் பரிவு இருந்தது, விஞ்ஞானம் இருக்கவில்லை. தொப்புட்கொடியை அறுத்த கத்தி கொதிநீரைக் கண்டதில்லை. குறுக்காகக் கிடந்த பிள்ளைக்கும் நில்லாது பெருகிய இரத்தத்துக்கும் அவளிடம் மருந்து இல்லை. 1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஐம்பது பேறுகளுக்கு ஒரு தாய் என்ற கணக்கு அது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் நாட்டைச் சூறையாடிய மலேரியாவும், பசியும், தெருவற்ற கிராமங்களும் அத்தொகையை உயர்த்தின என்பது மெய். ஆனால் அறியாமைக்கும் அதிற் பங்குண்டு.

அதே வேளையில் அறியாமை மருத்துவிச்சிக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1847இல் வியன்னா நகரத்தின் பெரிய வைத்தியசாலையில், பிணமறுத்த கையோடு பேறு பார்க்க வந்த வைத்தியர்களே தாய்மாருக்கு மரணத்தைக் கொண்டுவருகின்றனர் என்று செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் கண்டுரைத்தார். கை கழுவுங்கள் என்று அவர் சொன்னதைக் கற்றறிந்த அவை ஏற்க மறுத்தது. ஆகவே குறை வயதிலோ பாலிலோ இல்லை, பயிற்சியிலேயே இருந்தது. பயிற்சியைக் கொடுத்திருந்தால் மருத்துவிச்சியின் அனுபவம் பெருஞ் செல்வமாகியிருக்கும். வரலாறு அவ்வழியிற் செல்லவில்லை.

*

உலக வரலாற்றைச் சற்று நோக்குவோம். தாதித் தொழில் தொழிலாக உருப்பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதன் முன்னோடிகளுட் பலர் வேறு தொழிலிலிருந்து நடுவயதில் வந்து சேர்ந்தவர்கள் என்பது வியப்புக்குரிய உண்மை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டபோது வட மாநிலப் படையின் தாதியருக்குத் தலைவியாக நியமிக்கப்பட்ட டொறத்தியா டிக்ஸ் அம்மையார் முன்னர் ஆசிரியை. நியமனம் பெற்றபோது வயது 59. தம்மிடம் வரும் பெண்கள் 35 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டோராய் இருத்தல் வேண்டும் என்பது 1862இல் அவர் விதித்த விதி. இளையோரை அவர் திருப்பி அனுப்பினார். அதே போரிற் காயமுற்றோரிடைப் பணிபுரிந்த கிளாரா பார்ட்டனும் பல்லாண்டு ஆசிரியையாகவும், பின்னர் அரசாங்க எழுதுவினைஞராகவும் இருந்தவர். நாற்பதை அண்மிய வயதிலேதான் போர்க்களத்துக்குச் சென்றார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881இல் அவர் நிறுவியபோது அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். ஆண்களிலும் உதாரணம் உண்டு. மகாகவி வோல்ற் விற்மன் காயமுற்ற தம்பியைத் தேடி 1862இன் இறுதியில் 43ஆம் வயதிற் போர்முனைக்குச் சென்றவர், பின்னர் வாஷிங்டன் நகர வைத்தியசாலைகளிற் காயமுற்ற படைவீரருக்குத் தொண்டு செய்வதிற் போராண்டுகளைக் கழித்தார்.

ஜமேக்காவிற் பிறந்த மேரி சீக்கோல் அம்மையாரின் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. தாயிடத்தே நாட்டு வைத்தியங் கற்றவர், விடுதி நடத்திப் பிழைத்தவர், விதவை, கலப்பினத்தவர். கிரைமியாப் போருக்குத் தாதியாய்ச் செல்ல விரும்பி 1854இல் லண்டனில் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். எல்லா வாசலும் அடைக்கப்பட்டன. சொந்தப் பணத்தில் 1855இற் கப்பலேறி, ஏறக்குறைய ஐம்பது வயதில், போர்முனைக்கு அருகே விடுதியமைத்து நோயாளரைப் பேணினார். அவர் நம் மருத்துவிச்சியின் உடன்பிறவாச் சகோதரி எனலாம்.

தமிழகத்திலும் இத்தகைய ஒரு திருப்பம் நிகழ்ந்தது. சென்னை வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக 1866இல் வந்திறங்கிய மேரி ஷார்லிப் அம்மையார், கோஷாப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் செல்லமாட்டாது பேற்றில் மடிவதைக் கேட்டறிந்தார். முதலிற் பேறு மருத்துவம் பயின்று, பின் 1875இல், 30ஆம் வயதில், மூன்று பிள்ளைகளின் தாயாக, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அவர் முயற்சியால் 1885இல் உயர்சாதி, கோஷாப் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை சென்னையில் எழுந்தது. திருவல்லிக்கேணியிலே அதுவே பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாயிற்று. திரைக்குப் பின்னிருந்த முஸ்லிம் பெண்ணுக்கு வைத்தியம் எட்டிய வரலாற்றில், தொழில் மாறிய ஒரு தாயின் பங்கு இது.

பின் வயதெல்லை எங்கிருந்து வந்தது? புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தாமே 31ஆம் வயதில், 1851இல், ஜெர்மனியின் கைசர்ஸ்வேர்த்திற் பயிற்சி பெற்றவர். ஆனால் 1860இல் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிற் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, 25 முதல் 35 வரையிலான வயதே மாணவியருக்கு உகந்ததாகக் கொள்ளப்பட்டது. வைத்தியசாலையிலேயே தங்கி, மணஞ் செய்யாது, கட்டளைக்குப் பணிந்து, குறைந்த ஊதியத்திற் பல்லாண்டு உழைக்கக்கூடியவர் அப்பள்ளிக்கு வேண்டப்பட்டனர். நடுவயதுப் பெண்ணுக்குப் பிள்ளைகள் உண்டு. சொந்தக் கருத்து உண்டு. எதிர்த்துக் கேட்கும் வாயும் உண்டு. காலஞ் செல்லச் செல்ல உலகெங்கும் வைத்தியசாலைகள் பெருகின. மாணவ தாதியரின் உழைப்பிலேயே அவை பெரும்பாலும் இயங்கின. வயது மேலும் கீழிறங்கியது. இதனை விஞ்ஞானத்தின் கட்டளை என்று கொள்வது பிழை. உழைப்பை மலிவாகப் பெறவேண்டும் என்னும் நிருவாகத் தேவையே இதன் வேர்.

*

இனி இலங்கைக்கு வருவோம். தமிழ் மொழியில் மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்த பெருமை யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீனுக்கு உரியது. 1848இல் அவர் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். 1860களிற் பயிற்சி மொழியைத் தமிழாக்கினார். பேறு மருத்துவம் பற்றிய ஆங்கில நூலொன்று அவர் முயற்சியால் 1857இலேயே தமிழில் வெளிவந்தது. தமிழ் மொழியிலே விஞ்ஞானம் நடக்குமா என்று ஒரு நூற்றாண்டு கழித்தும் ஐயுற்றோருக்கு அது விடையாய் நின்றது. ஆயினும் எழுத்தறியாத கிழக்கு மாகாண மருத்துவிச்சியின் கைக்கு அந்நூல் எட்டியிருக்க வழியில்லை. விஞ்ஞானம் தமிழில் வந்தது. தமிழ் பேசும் உழைக்கும் பெண்ணிடம் வரவில்லை.

கொழும்பிலே 1879இல் டி சொய்சா பிள்ளைப்பேற்று வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1886இல் வந்த பிரான்சிஸ்கன் கன்னியர் பெரியாஸ்பத்திரியிற் தாதிப் பணியை ஏற்றனர். முறையான தாதியர் பயிற்சிப் பள்ளி 1939இற் கொழும்பில் நிறுவப்பட்டது. கிராமத்துக்குப் பயிற்சி பெற்ற மருத்துவ மாது சென்றது, ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் 1926இற் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையினாலேயே ஆகும். அம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. இலவசக் கல்வி 1945இல் வந்தது. மலேரியாவை ஒழிக்கும் டி.டி.ரி. தெளிப்பு 1946இல் விரிந்தது. கிராம வைத்தியசாலைகள் பெருகின. இவற்றின் கூட்டுப் பயனாகத் தாய்மார் இறப்பு 1950 அளவில் இலட்சத்துக்கு 600க்கும் கீழே இறங்கியது. இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் 40க்கும் குறைந்தது. இன்று நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. வறிய நாடொன்று மக்கள் நலத்தைப் பொதுச்செலவில் நடத்தினால் எதனைச் சாதிக்கலாம் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் உதாரணம் இது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவோர் மக்களின் நண்பராகார்.

ஆனால் இம்மாற்றத்திற் பழைய மருத்துவிச்சிக்கு இடமிருக்கவில்லை. அவளைப் பயிற்றி உயர்த்துவதினும் அவளுக்குப் பதிலாக இளம்பெண்ணைப் பயிற்றுவதே அரசின் கொள்கையாயிற்று. உயிர்காக்கும் நோக்கிலே அது விரைவான வழியாயிருந்திருக்கலாம். எனினும் ஒரு விளைவு தங்கிவிட்டது: பேணும் தொழில் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வரும் இளம்பெண்ணுக்கே உரியது, இடையில் வேறெவரும் நுழைய வழியில்லை என்னும் எண்ணம் சட்டமாகவும் வழக்கமாகவும் உறைந்துவிட்டது.

*

அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் இவ்விளைவு இரட்டிப்பாயிற்று. ஆண்டுகள் பல சென்றும் இவ்வூர்ப் பெண்கள் தாதித் தொழிலுக்குச் சென்றது மிக அரிது. இதற்குச் சமயமே காரணம் என்று எளிதிற் கூறிவிடுவோர் உளர். அவர்கள் சமய வரலாற்றையும் அறியார், சமுதாய வரலாற்றையும் அறியார். மதீனாவிலே நபிகளாரின் காலத்தில், 627ஆம் ஆண்டின் அகழ்ப்போரின்போது, காயமுற்ற ஸஃது இப்னு முஆதைப் பேணப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அடித்தவர் றுபைதா என்னும் பெண்மணி. உம்மு அதிய்யா என்பார் பல படையெடுப்புகளிற் கூடச் சென்று காயங்களுக்கு மருந்திட்டார். ஆகவே தடை வேதத்தில் இல்லை.

தடை எங்கிருந்தது? பெண்பிள்ளை பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்திய வழக்கத்தில் இருந்தது. தாதியர் பயிற்சி தீவின் மறுகரையில், விடுதி வாழ்வோடும் இரவுக் கடமையோடும், அந்நிய மொழியில் நடந்ததில் இருந்தது. இளம்பெண்ணை அங்ஙனம் அனுப்பினால் மணம் தடைப்படும் என்னும் பெற்றோரின் அச்சத்தில் இருந்தது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தின் பின் அரசாங்க உத்தியோகம் தமிழ் பேசுவோருக்குத் தொலைவானதில் இருந்தது. இவற்றுள் முதல் மூன்றும் இளவயதைச் சார்ந்த தடைகள் என்பதைக் கவனித்தல் வேண்டும். பயிற்சிப் பள்ளி கேட்ட வயதும், சமூகம் பெண்ணை மிகக் கடுமையாகக் காவல் செய்த வயதும் ஒன்றேயாயின. எந்த வயதில் அவளுக்கு ஊருக்குள் நடமாடும் சுதந்திரம் கிடைத்ததோ, அந்த வயதில் அரசு கதவை மூடிற்று. ஒருபுறம் ஊரும் மறுபுறம் அரசும் இவ்வாறு தம்மையறியாது ஒத்துழைத்தன.

கல்வியின் வெளிச்சம் பிந்தியேனும் வந்தது. இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் 1940களின் தொடக்கத்திற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்த காலத்தில் இம்மக்களின் கல்வி நிலையைக் கண்டு உள்ளம் வருந்தி, அதனை உயர்த்த முனைந்தார். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளோடு அவர் கொண்ட நட்பு இரு சமூகமும் ஒன்றையொன்று மதித்த காலத்தின் அடையாளம். பெண்களுக்கென எழுந்த பாடசாலைகளுள் 1971இன் கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி குறிப்பிடத்தக்கது. அத்தகைய பாடசாலைகளிற் படித்த பெண்கள் முதலில் ஆசிரியைகளாயினர். ஊருக்குள்ளேயே, பகலிலேயே, தாய்மொழியிலேயே செய்யக்கூடிய தொழில் அது. நிபந்தனைகள் இசைந்தபோது பெண்கள் வந்தனர். இப்போது வைத்தியர்களும் தாதியரும் இவ்வூர்களிலிருந்தே உருவாகின்றனர். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாதியர் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன. கல்முனையிலோ வடக்கே ஓர் ஆதார வைத்தியசாலை, தெற்கே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என இரண்டு நிற்கின்றன. மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஆனால் அது இளையோரிடத்திலும் விஞ்ஞானப் பிரிவிற் படிக்க வாய்ப்புப் பெற்றோரிடத்திலுமே நின்றுவிட்டது. அவர்களுடைய உம்மாமாரின் நிலை யாது?

*

அத்தலைமுறையின் கதை மத்திய கிழக்கின் பாலைவனத்தில் எழுதப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வறுமை மேலும் வெளிறித் தெரிந்தது. எண்ணெய் வளநாடுகள் வீட்டுப் பணியாளரைக் கேட்டன. கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலிருந்து பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் சென்றனர். அவர்களிற் பலர் பிள்ளைகள் உடையவர். நாற்பது பேர் மத்தியிற் திரைபோட்டு வளர்ந்த பெண் தனியே விமானமேறினாள். இளம்பெண்ணைக் கொழும்புக்குத் தாதிப் பயிற்சிக்கு அனுப்ப மறுத்த அதே சமூகம், தாயைக் கடல் கடந்து அனுப்பியது. வழக்கம் என்பது வயிற்றின் முன் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அங்கே அவள் செய்த வேலை என்ன? கூட்டினாள், சமைத்தாள் என்பதோடு முடியவில்லை. படுக்கையிற் கிடந்த கிழவியைப் புரட்டிக் கிடத்தினாள். வாதத்தில் விழுந்தவருக்கு வாயில் ஊட்டினாள். நீரிழிவு நோயாளிக்கு வேளை தவறாது மருந்து கொடுத்தாள். கைக்குழந்தையைப் போத்தற்பாலூட்டி வளர்த்தாள். இவையனைத்தும் தாதிப் பணியின் கூறுகள். சம்பளச் சிட்டையில் மட்டும் அவள் பணிப்பெண்.

பயிற்சியில்லாதவரிடம் இப்பொறுப்பைச் சுமத்துவது எத்துணைக் கொடுமை என்பதை மூதூரைச் சேர்ந்த றிஸானா நபீக்கின் மரணம் உலகுக்கு உணர்த்திற்று. வறுமையினால் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இற் சவூதிக்கு அனுப்பப்பட்ட அச்சிறுமியிடம் கைக்குழந்தை ஒன்று ஒப்படைக்கப்பட்டது. பாலூட்டுகையிற் குழந்தை இறந்ததாக அவள் கூறினாள், கொலைக்குற்றம் சாட்டப்பட்டாள், 2013 சனவரி 9இல் அவளுடைய தலை துண்டிக்கப்பட்டது. பால் புரையேறிய குழந்தைக்குச் செய்யவேண்டிய முதலுதவியை எவரும் அவளுக்குக் கற்பித்திருக்கவில்லை. பள்ளியில் இருக்கவேண்டிய சிறுமியைக் கைக்குழந்தையின் காவலாக்கியதும், பிள்ளை வளர்த்துப் பழகிய நாற்பது வயதுத் தாய்க்குத் தாதிப் பயிற்சியை மறுப்பதும் ஒரே அமைப்பின் இரு முகங்கள்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தை வேறெந்த மாவட்டத்தினும் கொடிதாகத் தாக்கிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் தெருக்கள் மறைந்தன. இப்பகுதி முகாம்களில் நடந்த ஆய்வொன்று, ஆண்களைப் போல் இருமடங்கு வீதத்திற் பெண்கள் இறந்தமையைக் காட்டியது. எஞ்சிய பெண்கள் முகாம்களிலே தாயற்ற பிள்ளைகளையும், காயமுற்றோரையும், மனங் கலங்கியோரையும் பேணினர். பேரழிவு நேரும்போதெல்லாம் சமூகம் நடுவயதுப் பெண்ணையே நாடுகின்றது. அழிவு நீங்கியதும் அவளுக்குச் சான்றிதழ் இல்லை என்கின்றது.

*

இன்றைய நிலையை நோக்குவோம். உலகில் 2.79 கோடித் தாதியர் உள்ளனர் என்றும், மேலும் 59 இலட்சம் பேர் தேவை என்றும் உலக சுகாதார தாபனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. இலங்கையின் மக்கள் விரைந்து முதுமையடைகின்றனர். 2012இலேயே நூற்றுக்கு 12 பேர் அறுபதைக் கடந்திருந்தனர். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரும் தாதியரும் பெருந்தொகையாய் நாட்டை விட்டேகினர். பேணவேண்டியோர் பெருகுகின்றனர், பேணுவோர் குறைகின்றனர். பேணத் தெரிந்த பல்லாயிரம் பெண்கள் வாசலுக்கு வெளியே நிற்கின்றனர்.

நடுவயதினரைச் சேர்ப்பதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்கள் மூன்று. முதலாவது, உடல் தாங்காது என்பது. வயலிலும் தறியிலும் பாலைவனத்து வீடுகளிலும் நாற்பது வயதுப் பெண்ணின் உடல் தாங்குகின்றதா என எவரும் கேட்டதில்லை. சம்பளமும் மதிப்பும் உள்ள தொழில் என்றதும் அவளுடைய முழங்காலைப் பற்றி உலகம் கவலைப்படத் தொடங்குகின்றது. இரண்டாவது, படிப்பு ஏறாது என்பது. பிரித்தானியாவில் தாதிப் பட்டப்படிப்புக்கு மேல்வயதெல்லை இல்லை. நாற்பதிலும் ஐம்பதிலும் சேர்ந்து பயில்கின்றனர். அமெரிக்காவில் வேறு துறையிற் பட்டம் பெற்றோர் தாதித் தொழிலுக்கு மாறுவதற்கென 1971இலேயே செயின்ற் லூயிஸ் பல்கலைக்கழகம் குறுகிய காலப் பாடநெறியைத் தொடங்கிற்று. இன்று அந்நாடெங்கும் அது பரவியுள்ளது. மூன்றாவது வாதம் பொருளாதார வாதம்: பயிற்சிக்குச் செலவிட்டபின் சேவைக்காலம் குறைவு என்பது. இதனை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இளையோர் பயிற்சி பெற்றதும் வெளிநாடு செல்லும் இக்காலத்தில், சொந்த ஊரில் வீடும் வேரும் உள்ள ஒருத்தி இருபது ஆண்டு பணிபுரிவாளெனின் நட்டம் எங்கே உள்ளது? தன் நோயாளியின் பேச்சுவழக்கைப் பிறப்பிலேயே அறிந்தவள், பெண் நோயாளியின் கூச்சத்தை உணர்ந்தவள், மரணப் படுக்கையின் அருகிருக்க அஞ்சாதவள் வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் பொருளை எந்தக் கணக்கேட்டில் வைப்பது?

நாம் வேண்டுவது சலுகையன்று, வேண்டுவது ஏணி. ஆழ்ந்த விஞ்ஞானக் கல்வியில்லாது எவரும் தாதியாதல் கூடாது. அதில் நாம் உறுதியாயிருக்கின்றோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் இயந்திரத்தை அன்பு மட்டும் இயக்காது. ஆனால் விஞ்ஞானக் கல்விக்குப் போய்ச்சேரும் வழி ஒன்றாய் மட்டும், பதினெட்டு வயதில் மட்டும் இருக்கவேண்டும் என்பதற்கு நியாயமில்லை. உதவியாளராய்த் தொடங்கி, வேலை செய்துகொண்டே தாய்மொழியில் அடிப்படை விஞ்ஞானம் பயின்று, படிப்படியாக முழுத் தாதியாக உயரும் பாதை ஒன்று அமைக்கப்படுதல் வேண்டும். வெளிநாட்டில் நோயாளரைப் பேணிய ஆண்டுகள் அனுபவமாக மதிக்கப்படுதல் வேண்டும். வயதெல்லை தளர்த்தப்படுதல் வேண்டும். கல்முனை போன்ற நகரங்களில், வீட்டிலிருந்து சென்று வரும் தொலைவிற் பயிற்சி நடைபெறல் வேண்டும். இத்தகைய பாதை தனியார் பணம் பறிக்கும் பாடநெறியாகச் சீரழியாது, பொதுக் கல்வியின் பகுதியாகவே அமைதல் வேண்டும்.

இது ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய பொறுப்பு. மாலை வகுப்பொன்றை ஊர்ப் பாடசாலையிற் தொடங்க அரசாங்கச் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உயிரியலின் முதற்பாடங்களைத் தமிழில், வயதுவந்த பெண்களுக்கு விளங்கும் முறையிற் கற்பிக்க நம் ஆசிரியரால் முடியும். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அந்நியர் ஒருவர் தமிழ் கற்று அதனைச் செய்தார். தமிழிற் பிறந்த நம்மால் ஆகாதா?

மருத்துவிச்சி இன்று நம் ஊர்களில் இல்லை. அவள் போனது நன்றே. அவளோடு கூடியிருந்த மரணமும் போயிற்று. ஆனால் பேணும் தொழிலுக்கு வாழ்வனுபவம் ஒரு தகுதி என்னும் உண்மையும் அவளோடு போய்விடவேண்டியதில்லை. அனுபவத்தை விஞ்ஞானத்திலிருந்து பிரித்தது ஒரு காலத்தின் சமுதாயத் தேவை. அவ்விரண்டையும் மீண்டும் ஒரு கையிற் சேர்ப்பது நம் காலத்தின் கடமை.